மூன்றாவது ஹெக்டேர்

படகு விற்ற காசு சர்க்கரை டப்பாவில் இருக்கிறது.
மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதுகிறேன்:
நிலம், இரண்டு ஹெக்டேர்.
அதில் கால்வாசி, கம்பு குத்தினால் முழங்கை வரை இறங்கும் சதுப்பு.
மேற்கே வேலி இல்லை, இருந்த ஞாபகம் உண்டு.
மழையை எழுத வேண்டியதில்லை,
இது சிலோயே.

"பசு" என்கிறான் ரொஸாமெல்.
முப்பது வருஷம் வலை இழுத்து
இடுப்பைக் கடலில் விட்டுவிட்டு வந்தவன்.
சாய்ந்துகொள்ள அகலமாக ஒரு விலா வேண்டும் அவனுக்கு,
அது எனக்குப் புரிகிறது.
இங்கே ஆகஸ்டு என்றால் குளிரின் அடிவயிறு.
புல் நின்றுவிடும். வைக்கோல் படகில் வரும்,
படகுக்கூலியும் கூடவே ஏறி வரும்.
ஜூலை வரை பசு புல்லைத் தின்னும்,
அப்புறம் நம்மை.
அடித்துவிட்டேன்.

பன்றி.
பொடி உருளைக்கிழங்கு, உதிர்ந்த ஆப்பிள், கழுநீர்,
எதைப் போட்டாலும் கொழுப்பாக்கித் தரும்.
ஆனால் அறுக்கிற நாளில் குடாக்கரை முழுவதும்
நம் அடுப்பைச் சுற்றி நிற்கும்.
ஆளுக்கொரு துண்டு கொடுத்தனுப்ப வேண்டும்.
அவர்கள் அறுக்கும்போது அது திரும்பி வரும்.
கடனா சேமிப்பா என்று தெரியாத ஒன்றை
எந்தப் பக்கம் எழுதுவது?

"பெருவாத்து" என்றாள் யஸ்னா.
"புல்லும் தின்னும், காவலும் காக்கும்."
போன சனிக்கிழமை படகுத்துறையில்
உன்னைத் துரத்தியது எது என்று கேட்டேன்.
கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

மிச்சம், செம்மறி.
அதன் எதிரே: எவரிஸ்தோவின் நாய்கள், மூன்று.
போன மாதம் ஹெர்மிந்தாவின் ஏழில் நாலு.
விடிந்து பார்த்தால்
முள்புதரில் கம்பளி மட்டும்.

தல்காவே சந்தையில் கிடைமட்டமாகப் பெய்தது.
குஸ்தோடியோ பல்லைத் திறந்து காட்டினான்,
மடியைத் தடவச் சொன்னான்.
குளம்பின் இடுக்கில் நானே மூக்கை வைத்தேன்,
அழுகல் வாடை இல்லை.
விலை படிந்து, கை குலுக்கும்போது கேட்டான்:
"உங்கள் வீட்டில் யார் அறுப்பது?"

ரொஸாமெல் துறைமுகத்தைப் பார்த்தான்.
எண்ண முடியாத அளவு மீனைக் கொன்றவன்.
மீன் கத்தாது.
"நான்" என்றேன்.
ரசீதில் இல்லாத வரி அது.
பன்றி என்றால் அடுத்த தீவுக்குக் கேட்கும்.
பசுவுக்குக் கூலி ஆள் வைக்கலாம்.
ஆடு சத்தமில்லாமல் பார்க்கும்.
பார்ப்பதைத் தாங்கிக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்து பெட்டை, ஒரு கிடா.
திரும்பும் படகில் கிடா
அவன் பூட்ஸுக்குள் மூத்திரம் பெய்தது.
நாலு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தான்.

நான்காம் நாள் காலை ஒன்றையும் காணோம்.
மேற்குப் பக்கம், இல்லாத வேலி வழியாக
விறகுக்கட்டையோடு ஓடினேன்,
வாயில் நாய்களின் பெயர்.
கீழே
கடல் வெகுதூரம் போயிருந்தது.
வழுக்குப் பாறைகளுக்கு நடுவே ஆறும் நின்று
பாசியைக் கிழித்துக் கிழித்து மென்றுகொண்டிருந்தன,
வாயோரம் பச்சையும் உப்புமாக.

பின்னால் இடுப்பைப் பிடித்தபடி வந்தவன்
ஆட்டைப் பார்க்கவில்லை.
தண்ணீரைப் பார்த்தான்.
"இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது" என்றான்.
"திரும்பும்போது நான் கூப்பிட்டுக்கொள்கிறேன், நீ போ."

படகோடு போய்விட்டதாக நான் நினைத்த ஓத அட்டவணை
மறுபடி கதவருகே தொங்குகிறது.
கத்தி மேல்தட்டில் இருக்கிறது,
டிசம்பர் வரை அதற்கு வேலையில்லை.
நாய்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை.
தினம் இரண்டு முறை ஒரு நிலம் எங்களிடம் வருகிறது,
தினம் இரண்டு முறை போகிறது.
அதை எழுதிவைக்க ரசீதைத் தேடினேன்.
கட்டணம் கட்டப் போன இடத்தில்
முத்திரை குத்தி அவர்களே வைத்துக்கொண்டார்களாம்.

இரண்டு ஹெக்டேர் என்றுதான்
அங்கே இருக்கும்.